கோட்டைக்குத் தெற்கே

அன்புள்ள வாசகருக்கு,

சென்னையில் கோட்டை, உயர் நீதிமன்றம், எழும்பூர் மியூசியம் எல்லாம் பார்த்தாயிற்று, தெற்கே கோயிலும் ஜவுளிக்கடையும்தானே, வரலாறு என்று பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அடையாறில் குடியிருந்துகொண்டே இப்படிக் கேட்கிறீர்களே என்பதால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

கோட்டைப் பக்கம் நீங்கள் பார்த்தவை பெரும்பாலும் ஆட்சி செய்தவர்கள் கட்டியவை. தெற்கே இருப்பவற்றில் பல, எதையோ பறிகொடுத்தவர்கள் ஊரிடம் கையேந்திப் பணம் திரட்டி உண்டாக்கியவை. வாசலில் நின்று கட்டடத்தைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. யார், எதற்காக ஆரம்பித்தார்கள் என்று விசாரிக்க வேண்டும்.

முதலில் மயிலாப்பூர். 1906 அக்டோபர் 22 அன்று ஆர்பத்நாட் கம்பெனி என்ற வங்கி கைவிரித்தது. வெள்ளைக்காரன் கம்பெனி, பணம் பத்திரமாக இருக்கும் என்று நம்பி பென்ஷனையும் சேமிப்பையும் அங்கே போட்டுவைத்த குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றன. மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் பணத்தை இழந்தவர்களுக்காக வாதாடினார். சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைக்குப் போனார். கிருஷ்ணசாமி ஐயர் அத்தோடு விட்டிருக்கலாம், விடவில்லை. நம்மவர்களே நடத்தும் வங்கி வேண்டும் என்று அலைந்தார், நகரத்தார் கைகொடுத்தார்கள், 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி திறந்தது. மயிலாப்பூர் சமஸ்கிருதக் கல்லூரியைத் தொடங்கியவரும் அவர்தான். அரசியலில் மிதவாதியாக இருந்தும் பாரதியின் பாடல்களை அச்சிடப் பணம் கொடுத்தார். 1911-இல் 48 வயதில் போய்விட்டார். இவ்வளவையும் செய்ய அவருக்குக் கிடைத்த காலம் எவ்வளவு குறைவு!

ஆனால் அந்த மயிலாப்பூர் எல்லாருக்கும் கதவு திறந்து வைத்த மயிலாப்பூர் அல்ல. அதற்கான பதிலைத் தி. நகர் தெருப் பெயர்களில் படிக்கலாம். 1920-களில் பிராமணரல்லாதார் கட்சியான நீதிக்கட்சியின் ஆட்சியில் எழுந்த நகர் அது. பிட்டி தியாகராயர், பனகல் அரசர், டி.எம். நாயர், உஸ்மான், பாண்டி பஜாருக்குப் பெயர் தந்த சௌந்தரபாண்டியனார் என்று அந்தக் கட்சியின் வரலாறே அங்கே தெருத்தெருவாக நிற்கிறது. அந்த நகருக்காக ஒரு பெரிய ஏரியை வற்றவைத்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. மழைக்காலத்தில் மாம்பலத்தில் தண்ணீர் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி உங்கள் அடையாறு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டையில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1912-இல் பட்டம் பெற்றவர். 1927-இல் சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவரானார். தேவதாசி முறையை ஒழிக்கச் சபையில் போராடினார். சட்டம் முழுமையாக வர 1947 ஆயிற்று. அதுவரை அந்த முறையிலிருந்து தப்பிய சிறுமிகள் எங்கே போவார்கள்? அவர் வீட்டு வாசலுக்குத்தான் வந்தார்கள். விடுதிகள் சேர்க்க மறுத்தபோது தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். 1930-இல் ஔவை இல்லம் அப்படித்தான் பிறந்தது.

அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்தார். அந்த நோய் வந்தால் சாவுதான், அதற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று பெரிய மனிதர்களே பேசிய காலம். 1917-இல் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தின் மூலம் அவர் நிதி திரட்டினார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் 12 படுக்கைகளோடு மருத்துவமனை ஆரம்பமானது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதை நடத்தினார்; 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021-இல் மறையும்வரை அதை விட்டுப் போகவே இல்லை. மருத்துவமனைப் பெயரை ஒட்டி டபிள்யூ.ஐ.ஏ. என்று மூன்று எழுத்து இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்த மாதர் சங்கத்தின் பெயர்தான் அது. கையில் ஃபைலோடு அந்த வாசலில் காத்திருக்கும் கூட்டத்தைவிட இந்த நகரத்தின் வரலாற்றைச் சொல்லும் காட்சி எனக்குத் தெரிந்து வேறில்லை.

உங்கள் கடிதத்தின் அடியில், பாட்டி சாரதா வித்யாலயாவில் படித்தவர் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தப் பள்ளியைத் தொடங்கிய சகோதரி சுப்புலட்சுமி மயிலாப்பூரில் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே கணவரை இழந்தவர். 1911-இல் பட்டம் பெற்று, தன்னைப் போன்ற பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் படிக்கவைத்தார். பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் அந்தப் பிள்ளைகளுக்குப் பல வருடம் விடுதியாக இருந்தது. பள்ளி இன்று தி. நகரில் ராமகிருஷ்ண மிஷன் பொறுப்பில் நடக்கிறது.

பாட்டியிடம் உட்கார்ந்து கேளுங்கள். வகுப்பில் யார் யார் இருந்தார்கள், டீச்சர்கள் எப்படிப்பட்டவர்கள், சம்பளம் கட்ட முடியாத பிள்ளைகளை என்ன செய்தார்கள், சகோதரி சுப்புலட்சுமியை அவர் நேரில் பார்த்திருக்கிறாரா. அவர் சொல்வதை அவர் பேசுகிறபடியே எழுதி, எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்.