பாஸ்போர்ட்டுக்கு முன்னாடி பேரைப் பாருங்க!

நம்ம குழு அக்கா ஒருத்தர், மகள் பிரசவத்துக்குச் சிங்கப்பூர் போகணும்னு புரோக்கரிடம் 5000 ரூபாய் கொடுத்தாங்க. குழுவில் வாங்கின கடன் அது. ஆதாரில் ஒரு பேர், வாக்காளர் அட்டையில் வேற பேர். அதை யாரும் பார்க்கலை, விண்ணப்பம் நின்னுபோச்சு. இப்போ பேரன் தவழவே ஆரம்பிச்சுட்டான்!

ஒண்ணில் ‘பொன்னுத்தாயி’, இன்னொண்ணில் ‘பொன்னு’ என்றாலும் சிக்கல்தான். பேர், பிறந்த தேதி இரண்டையும் முதலில் திருத்துங்க. அப்புறம்தான் பணம். பெரியவங்களுக்கு 36 பக்க, 10 வருஷ பாஸ்போர்ட்டின் அரசுக் கட்டணம் 1500 ரூபாய். கம்ப்யூட்டர் மையத்தில் பதியும்போதே கட்டி, ரசீது வாங்கிக்குங்க. 2017 முதல் பல ஊர் தபால் நிலையங்களிலும் பாஸ்போர்ட் சேவை மையம் வந்தாச்சு. குறித்த நாளில் அசல் சான்றுகளோடு நீங்களே நேரில் போகணும். அசலைப் புரோக்கர் கையில் கொடுக்காதீங்க. போலீஸ் விசாரணைக்குத் தனியா காசு கிடையாது.