பூட்டும் சாவியும்: ஹார்மோன் மாத்திரை பற்றி தெரிந்து கொள்வோம்



சென்ற மாதம் கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட் லயன் வீட்டில் குழுக் கூட்டம் நடந்தது. சேமிப்பு வசூல் முடிந்து, நோட்டில் கையெழுத்தும் வாங்கியாகி விட்டது. நாங்கள் கிளம்பும் நேரத்தில் ஒரு உறுப்பினர், "மேடம், இது மூணும் ஹார்மோன் மாத்திரையாமே? சாப்பிட்டா கர்ப்பப்பை காஞ்சு போயிருமாமே?" என்று கேட்டு மூன்று மாத்திரை அட்டைகளை எடுத்து வைத்தார். ஒன்று அவருடையது. மற்ற இரண்டும் பக்கத்து வீட்டு சகோதரிகளுடையது.

முதல் அட்டை 'சாயா' என்ற கருத்தடை மாத்திரை. இரண்டாவது தைராய்டு மாத்திரை. மூன்றாவது டமாக்ஸிஃபென். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து கொண்ட ஒரு அக்காவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது. அந்த அக்கா எட்டு மாதம் சாப்பிட்டு விட்டு நிறுத்தி விட்டார். ஏன் என்று கேட்டோம். "உடம்பெல்லாம் சூடா வருது. ஹார்மோன் மாத்திரை கெடுதல்னு லயன்ல எல்லாரும் சொன்னாங்க. ஆஸ்பத்திரியில கூட்டம், யாருகிட்ட கேக்கறது?" என்றார்.

மூன்று மாத்திரைக்கும் ஒரே பெயர், ஒரே பயம். ஆனால் மூன்றும் செய்யும் வேலை வேறு வேறு. அதனால் இந்த மாதப் பாடமாக இதையே எடுத்துக் கொண்டோம்.

ஹார்மோன் என்றால் என்ன?

ஹார்மோன் என்பது நம் உடம்பே தயாரிக்கும் ஒரு பொருள். கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி, சினைப்பை, கணையம் போன்ற இடங்களில் சுரந்து, ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுவதும் போகிறது. இது ஒரு சேதி கொண்டு போகும் ஆள் மாதிரி. "மாதவிலக்குக்கு தயாராகு", "சாப்பிட்ட சோற்றை சக்தியாக்கு" என்று சேதி சொல்லும்.

ஆனால் சேதி எல்லா இடத்திலும் நுழைந்து விடாது. லயன் வீடுகளை நினைத்துக் கொள்ளுங்கள். வரிசையாக இருபது கதவு. ஒவ்வொரு கதவிலும் ஒரு பூட்டு. நம் சாவி நம் பூட்டைத்தான் திறக்கும். அதுபோல உடம்பின் செல்களிலும் பூட்டு உண்டு. இதை டாக்டர்கள் 'ரிசப்டார்' என்பார்கள், தமிழில் 'ஏற்பி'. ஹார்மோன்தான் சாவி. சாவி பூட்டில் பொருந்தினால்தான் வேலை நடக்கும்.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் பூட்டு கருப்பையில் இருக்கிறது. மார்பகத்திலும் இருக்கிறது. எலும்பிலும் இருக்கிறது. அதனால் மருந்து கண்டுபிடிக்கிறவர்களுக்கு ஒரு சிக்கல். ஒரு இடத்தில் பூட்டை அடைக்க வேண்டும், இன்னொரு இடத்தில் கெடுதல் வரக்கூடாது. இப்படி இடம் பார்த்து வேலை செய்யும் சாவியை செய்வதற்கு பல வருடம் ஆகிறது.

முதல் அட்டை: நம் நாட்டில் பிறந்த மாத்திரை

சாயா மாத்திரை வெளிநாட்டு சரக்கு அல்ல. 1951-ல் லக்னோவில் தொடங்கிய மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் நம் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது. இந்த முயற்சியில் முன்னின்றவர் டாக்டர் நித்யா ஆனந்த். வேலை தொடங்கியது 1960-களில். கடைக்கு வந்தது 1991-ல், 'சஹேலி' என்ற பெயரில். சஹேலி என்றால் இந்தியில் தோழி என்று அர்த்தம். இடையில் இருபது வருடத்துக்கு மேல் என்ன செய்தார்கள்? முதலில் மருந்துப் பொருளை செய்தார்கள். பிறகு விலங்குகளிடம் சோதித்தார்கள். பிறகு சம்மதம் தந்த சில பெண்களிடம், அதற்குப் பிறகு நிறைய பெண்களிடம் சோதித்தார்கள். கடைசியில்தான் அரசு அனுமதி. அவசரப்பட்டு வந்த மருந்து அல்ல இது. 2016-ல் தேசிய குடும்ப நலத் திட்டத்தில் சேர்த்தார்கள். இப்போது அரசு சுகாதார நிலையங்களில் 'சாயா' என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது.

உண்மையில் இதில் ஹார்மோனே கிடையாது. மற்ற கருத்தடை மாத்திரைகளில் இருப்பது போன்ற ஹார்மோன் இதில் இல்லை. இது கருப்பையில் உள்ள ஈஸ்ட்ரோஜன் பூட்டில் போய் உட்கார்ந்து கொள்ளும். உண்மையான சாவி நுழைய இடம் இருக்காது. அதனால் கரு தங்குவதற்கு ஏற்றபடி கருப்பையின் உள்சுவர் அமையாது. கர்ப்பப்பை காய்ந்து போவதில்லை. நிறுத்தி விட்டால் மறுபடியும் கர்ப்பம் தரிக்கலாம். பால் கொடுக்கும் தாயும் சாப்பிடலாம்.

சாப்பிடும் முறை:

1. மாதவிலக்கு தொடங்கிய முதல் நாள் ஒரு மாத்திரை. மூன்று நாள் கழித்து அடுத்தது. ஞாயிறு தொடங்கினால் ஞாயிறும் புதனும்.
2. முதல் மூன்று மாதம் இப்படி வாரம் இரண்டு. நான்காம் மாதத்திலிருந்து வாரம் ஒன்று, அந்த முதல் கிழமையில்.
3. மறந்து விட்டால் ஞாபகம் வந்ததும் சாப்பிடவும். அடுத்த மாதவிலக்கு வரை ஆணுறையும் பயன்படுத்தவும். ஏழு நாளுக்கு மேல் விட்டுப் போனால், புதிதாக ஆரம்பிப்பது போல வாரம் இரண்டிலிருந்து தொடங்க வேண்டும்.

சிலருக்கு மாதவிலக்கு தள்ளிப் போகும், ரத்தப்போக்கு குறையும். இதைப் பார்த்துத்தான் "காஞ்சு போச்சு" என்று பயப்படுகிறார்கள். ரத்தசோகை உள்ள நம் பெண்களுக்கு ரத்தப்போக்கு குறைவது நல்லதே. ஆனால் 15 நாளுக்கு மேல் தள்ளிப் போனால் கர்ப்ப பரிசோதனை செய்து கொள்ள வேண்டும். சினைப்பையில் நீர்க்கட்டி உள்ளவர்கள், சமீபத்தில் மஞ்சள் காமாலை வந்தவர்கள், கல்லீரல், சிறுநீரக நோய், காசநோய் உள்ளவர்கள் இதை சாப்பிடக் கூடாது. அதனால் பக்கத்து வீட்டில் கடன் வாங்கி சாப்பிட வேண்டாம். நர்சம்மாவிடம் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது அட்டை: உடம்பின் அடுப்பு

சாப்பிட்டதை எரித்து சக்தியாக்கும் வேலையை 'வளர்சிதை மாற்றம்' என்பார்கள். அடுப்பு என்று நினைத்துக் கொள்வோம். அடுப்பை எவ்வளவு வேகமாக எரிய விடுவது என்று சொல்வது தைராய்டு ஹார்மோன். இதற்கான பூட்டு உடம்பின் எல்லாப் பகுதியிலும் இருக்கிறது. ஹார்மோன் குறைந்தால் அடுப்பு மந்தமாகி விடும். சோர்வு, எடை கூடுதல், முடி கொட்டுதல், மலச்சிக்கல், அதிக ரத்தப்போக்கு, எப்போதும் குளிர் எல்லாம் வரும்.

நம் மலையில் இதில் ஒரு ஏமாற்றம் உண்டு. "ஊட்டி குளிருக்கு யாருக்குத்தான் குளிரல? கொழுந்து பறிச்சா அசதி வராதா?" என்று விட்டு விடுகிறோம். கூட வேலை செய்யும் எல்லோரையும் விட உங்களுக்கு மட்டும் அதிக குளிரும் அசதியும் இருந்தால், ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள்.

தைராய்டு ஹார்மோன் தயாராக அயோடின் வேண்டும். அயோடின் கலந்த உப்பு சாப்பிடச் சொல்வது இதனால்தான். உப்பு டப்பாவை மூடி வையுங்கள், அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். கழுத்துக் கழலை பற்றி பல வருடம் ஆராய்ந்த ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் நம் குன்னூரில்தான் வேலை செய்தார். 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரு சிறிய அறையில் அவர் தொடங்கிய ஆராய்ச்சி, 1958-ல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

தைராய்டு மாத்திரை என்பது அதே ஹார்மோனின் மாற்றுச்சாவி. 1927-ல் இங்கிலாந்தில் முதன்முதலாக ஆய்வுக்கூடத்தில் இதை செய்தார்கள். உடம்பில் குறைவதை அப்படியே ஈடு கட்டுகிறது.

அந்தக் கூட்டத்தில் மாத்திரையை எப்படி சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டோம். "காலையில டீயோட போட்டுட்டு வேலைக்கு ஓடிருவேன்" என்றார் அந்த சகோதரி. இது தவறு. வெறும் வயிற்றில், தண்ணீரில் சாப்பிட வேண்டும். டீ, காபி, சாப்பாடு எல்லாம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான். சத்து மாத்திரை எனப்படும் இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை இருந்தால் நாலு மணி நேரம் தள்ளி சாப்பிடவும். இரும்பு மாத்திரையையும் டீயோடு சாப்பிடக் கூடாது. டீ, இரும்புச் சத்து உடம்பில் சேருவதைத் தடுக்கும். டீத்தூள் விளையும் ஊரில் இருக்கும் நாம் இதை முதலில் தெரிந்து கொள்ள வேண்டும்.

கர்ப்பமானால் இந்த மாத்திரையை நிறுத்தவே கூடாது. குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு இது அவசியம். அளவு கூட்ட வேண்டி வரலாம். உடனே டாக்டரைப் பாருங்கள்.

மூன்றாவது அட்டை: தோற்றுப் போய் ஜெயித்த மருந்து

டமாக்ஸிஃபென் கதை சுவாரசியமானது. 1962-ல் இங்கிலாந்தில் ஒரு மருந்து கம்பெனியில் இதை செய்தார்கள். கருத்தடை மருந்தாகும் என்று நினைத்தார்கள். ஆனால் பெண்களுக்கு கொடுத்தபோது கருமுட்டை உருவாவதை அது தூண்டி விட்டது! கருத்தடைக்கு தோல்வி. ஆனால் மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜன் பூட்டை அடைக்கிறது என்பதை வைத்து, 1970-களில் மார்பகப் புற்றுநோய்க்கு கொடுத்துப் பார்த்தார்கள். பலன் கிடைத்தது. 1977-ல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது.

சில மார்பகப் புற்றுநோய்க் கட்டிகளில் ஈஸ்ட்ரோஜன் பூட்டு நிறைய இருக்கும். அந்தக் கட்டிக்கு ஈஸ்ட்ரோஜன்தான் உரம். பூட்டை அடைத்து விட்டால் உரம் போகாது. எல்லாக் கட்டியிலும் இந்தப் பூட்டு இருப்பதில்லை. அதனால் கட்டியை பரிசோதித்த பிறகே இந்த மருந்து தருகிறார்கள். "என் கட்டிக்கு ரிசப்டார் டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று கேட்பது நம் உரிமை.

பொதுவாக ஐந்து வருடம் சாப்பிட வேண்டும். சிலருக்கு பத்து வருடம். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்து அதிகம். உடம்பு சூடு, வியர்வை வருவது பூட்டு அடைபட்டதால் வரும் விளைவு. ஆனால் இதே மருந்து கருப்பையில் ஈஸ்ட்ரோஜன் போலவே கொஞ்சம் வேலை செய்யும். அதனால் மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும். கர்ப்பிணிகள் இதை சாப்பிடக் கூடாது.

அந்த அக்கா என்ன செய்தார்?

இதையெல்லாம் கேட்ட பிறகு அந்த அக்கா வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் நாலு மாசமா பூட்டைத் திறந்து வச்சிருக்கேன்" என்றார். குழு அன்றே தீர்மானம் போட்டு, உள்கடனில் பஸ் செலவு கொடுத்தது. ஊக்குநர் கூடவே கோவைக்குப் போனார். டாக்டர் பரிசோதித்து, மாத்திரையை மறுபடி தொடரச் சொல்லி இருக்கிறார். சூடு வருவதற்கும் யோசனை சொன்னாராம். பரிசோதனைகள் இன்னும் பாக்கி இருக்கின்றன.

சகோதரிகளே, நாங்களும் ஒன்றை ஒத்துக் கொள்கிறோம். மாதா மாதம் வந்து கடன், வட்டி, தவணை எல்லாம் கேட்டோம். மாத்திரை பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை. இனி கேட்போம்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்:

1. நம் குழுவில் தினமும் மாத்திரை சாப்பிடுபவர்கள் யார்? எதற்கு என்று அவர்களுக்குத் தெரியுமா?
2. டீயோடு மாத்திரை சாப்பிடுபவர்கள் எத்தனை பேர்?
3. யாராவது பயந்து நிறுத்தி விட்டார்களா? அவருடன் ஆஸ்பத்திரிக்கு யார் துணை போவது?

பயத்தால் மாத்திரையை நிறுத்த வேண்டாம். சந்தேகம் இருந்தால் அட்டையோடு கூட்டத்துக்கு வாங்க, சேர்ந்து போய் டாக்டரிடம் கேட்போம்.