எஃப் என்றொரு எழுத்து

அன்புள்ள யாழினி,

கடைக்காரர் கொடுத்த கொட்டேஷனைப் படமெடுத்து அனுப்பியிருந்தாய். பட்ஜெட்டில் பாதியைப் பிராசசருக்கே ஒதுக்கிவிட்டார். ‘கோர் அதிகம் இருந்தா எல்லாத்துக்கும் நல்லது’ என்றாராம். அது பாதிதான் சரி.

ராத்திரி நீ ஆடும் வேலரன்ட்டையே எடுத்துக்கொள். உன் மானிட்டர் 144 ஹெர்ட்ஸ். ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 7 மில்லி செகண்டுக்கும் குறைவு. அந்த அவசரத்தில் சில கோர்கள்தான் மூச்சிரைக்க ஓடும், மற்றவை வேடிக்கை பார்க்கும். அஞ்சறைப்பெட்டி அடுப்பு மேடையிலேயே இருந்தால் சமையல் வேகமாக நடக்கும் அல்லவா? பிராசசருக்கு அந்தப் பெட்டிதான் கேஷ். ரைசன் 7 7800எக்ஸ்3டி-யில் எட்டே கோர்தான், ஆனால் எல்3 கேஷ் 96 எம்பி. 2023இல் வந்தபோது, கேம்களில் 16 கோர் 7950எக்ஸையே முந்தியது.

நீ செய்யும் கல்யாண வீடியோ எடிட்டிங் வேறு கதை. எக்ஸ்போர்ட்டுக்குக் கோர் உதவும். ஆனால் எக்ஸ்போர்ட் போட்டுவிட்டு நீ சாப்பிடப் போய்விடலாம். டைம்லைனை இழுக்கும்போது தாலி கட்டும் கை பாதியில் உறைந்து நிற்கிறதே, உன் தலைவலி அதுதான். அண்ணனின் கேமரா எச்.265இல், 10 பிட், 4:2:2 ஆகப் பதிகிறது. அதை விரித்துக் காட்ட உன் ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தெரியாது. என்விடியா 2025இல் வந்த 50 வரிசையில்தான் அதைச் சேர்த்தது. இன்டெல் பிராசசருக்குள் இருக்கும் சின்ன கிராஃபிக்ஸோ 11ஆம் தலைமுறையிலிருந்தே அதைச் செய்கிறது. குயிக் சிங்க் என்பார்கள்.

இப்போது கொட்டேஷனைப் பார். ஐ7 14700கேஎஃப். கடைசியில் ஓர் எஃப் இருக்கிறதா? அப்படியென்றால் உள்ளே கிராஃபிக்ஸே கிடையாது. இருபது கோர் வாங்கியும் தாலி கட்டும் கை உறைந்தே நிற்கும். விலை கொஞ்சம் குறைவு என்று நானும் ஒருமுறை எஃப் வாங்கினேன். கார்டு சர்வீசுக்குப் போனபோது பதினைந்து நாள் திரை இருட்டு. உங்கள் அத்தை இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

எஃப் இல்லாத ஐ5 14600கே கேள். 14 கோர் இருக்கிறது. வேலரன்ட்டுக்கு அதுவே தாராளம். மிச்சப் பணத்தில் 32 ஜிபி ரேம் போடு. ஒரு குறை: அந்த சாக்கெட்டில் அடுத்த தலைமுறை உட்காராது. நாலைந்து வருஷம் ஓட்டுவாய், பரவாயில்லை.

13, 14ஆம் தலைமுறைகளில் வோல்டேஜ் எகிறிச் சில சிப்கள் கெட்டன. 2024இல் இன்டெல் திருத்தம் விட்டு, வாரண்டியையும் 2 வருஷம் கூட்டியது. ஆகவே விண்டோஸ் போடுவதற்கு முன்பே பயாஸை அப்டேட் செய். கார்டைச் செருகியதும் பல போர்டுகள் உள் கிராஃபிக்ஸை அணைத்துவிடும். அதே பயாஸில் அதை ஆன் செய்துவிடு. இல்லாவிட்டால் எடிட்டிங் செய்யும் பிரீமியர் அதைக் கண்டுகொள்ளாது.

பில் போடுவதற்கு முன் பெட்டியின் மேலுள்ள எண்ணைப் படமெடுத்து அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மாமா