நோய் கண்டு திரும்பும் ஊழியரும் நம் வாய்ச்சொல்லும்

சரக்கில் சேதம் வந்தால் கணக்கு எழுதுகிறோம். சொல்லால் வரும் சேதத்தை எந்தப் பேரேட்டிலும் எழுதுவதில்லை. இம்மாதப் பாடம் அதைப் பற்றியது.

திண்டுக்கல்லில் ஒரு மண்டி. அங்கு 15 ஆண்டுகளாகக் கணக்கு எழுதியவருக்குக் காசநோய் கண்டது. இரண்டு மாதம் மருந்து சாப்பிட்டு, வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னபின் திரும்பினார். "என்ன கணக்குப்பிள்ளை, பாதி ஆளாப் போயிட்டீக! தேறிருவீகளா?" என்றார் சரக்கெடுக்க வந்தவர். "அண்ணன் பக்கத்துல நிக்காதடா" என்று பையன்கள் சிரித்தார்கள். டீ வந்தபோது அவருக்கு மட்டும் பேப்பர் கப். கல்லாவில் இருந்த முதலாளி எல்லாவற்றையும் கேட்டும் வாய் திறக்கவில்லை. அந்த முதலாளி நான்தான்.

நான்காம் நாள் அவர் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊருக்குத் தெரியுமே என்று மருந்தையும் நிறுத்தியிருந்தார். காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும், உயிருக்கே ஆபத்து. மன்னிப்புக் கேட்டு, மீண்டும் டாக்டரிடம் அழைத்துச் சென்றேன்.

டம்ளராலும் தட்டாலும் காசநோய் பரவாது. இருமலில் காற்று வழியே பரவும். முறையாக மருந்து எடுத்தால் சில வாரங்களிலேயே தொற்றும் தன்மை பெரிதும் குறையும். 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம் நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும், மற்றவர்களுக்கு வீட்டிலும் ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தது. 1959இல் முடிவு வெளிவந்தது: வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள், உடன் வாழ்ந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதல் ஆபத்து ஏற்படவில்லை. ஒரே வீட்டிலேயே அப்படியென்றால், டாக்டர் அனுமதித்து வந்தவரைக் கடையில் ஒதுக்க என்ன நியாயம்?

நாம் செய்ய வேண்டியவை:

1. ஊழியர் திரும்புமுன் தனியே பேசுங்கள். நோயைப் பற்றி யாரிடம் எவ்வளவு சொல்வது என்பது அவர் விருப்பம்.

2. முதல் கேலியையே நிறுத்துங்கள். "டாக்டர் சொல்லித்தான் வந்திருக்கிறார், அந்தப் பேச்சு வேண்டாம்" என்றால் போதும். பேசியவருக்குப் பிறகு தனியே விளக்குங்கள். பலர் அறியாமல்தான் பேசுகிறார்கள்.

3. வாடிக்கையாளர் துருவிக் கேட்டால், "நல்லா இருக்கேன், சரக்கைப் பார்ப்போம்" என்று முடித்துவிட ஊழியருக்கு உரிமை உண்டு. அதற்கு நாம் துணை நிற்க வேண்டும்.

4. மருந்து வாங்கும் நாளில் சம்பளம் பிடிக்காதீர்கள். உட்கார இருக்கை கொடுங்கள். கடை ஊழியர் அனைவருக்கும் இருக்கை தர வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் சட்டமே திருத்தியது.

5. அரசு மருத்துவமனையில் காசநோய்க்கு மருந்து இலவசம். சத்துணவுக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டது. 2024 நவம்பரில் அது 1000 ரூபாய் ஆனது. இதை ஊழியருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

எங்கள் கணக்குப்பிள்ளை முழுச் சிகிச்சையும் முடித்துக் குணமடைந்தார். இன்றும் எங்கள் பேரேடு அவர் கையெழுத்தில்தான் இருக்கிறது. நான் அன்றே ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவர் மருந்தை நிறுத்தியிருக்கமாட்டார். அந்த ஒரு வார்த்தைக்கு நமக்குச் செலவு ஏதுமில்லை.