ஓடுகிற காலுக்கு எந்தச் சப்பாத்து?

தோட்டத்துத் தாய்மார்கள் இருவர் ஏறக்குறைய ஒரே விஷயத்தைக் கேட்டு நம் உடல்நலப் பகுதிக்கு எழுதியிருக்கிறார்கள். ஒருவரின் மகன் அரை மாரத்தானில் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறானாம். எண்ணூறு வெள்ளியில் சப்பாத்து வாங்கித் தரவேண்டும், இல்லாவிட்டால் முட்டி போய்விடும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறானாம். இன்னொருவரின் மகன் சிங்கப்பூரில், செம்பவாங்கில் வாடகை அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறான். லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது பார்த்தால் காலெல்லாம் கொப்புளம், இரண்டு கால்நகம் கறுத்துப் போயிருக்கிறது. "இது சீக்கா, இல்ல ஓடி ஓடி வந்ததா?" என்று அந்த அம்மா கேட்கிறார்.

இரண்டு கேள்விக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். ஓடுவது கெட்ட பழக்கமல்ல. சம்பள நாளன்று கடைப்பக்கம் போய்விட்டு நள்ளிரவில் தள்ளாடி வருகிற பிள்ளையைவிட, விடியுமுன் எழுந்து ஓடுகிற பிள்ளை எவ்வளவோ மேல். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் நம் லயங்களில் வீட்டுக்கு வீடு புகுந்திருக்கிற காலம் இது. ஆனால் ஓட்டத்தை வைத்து வியாபாரம் செய்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். எது உடம்புக்குத் தேவை, எது கடைக்காரனுக்குத் தேவை என்று பிரித்துப் பார்க்கத் தெரியவேண்டும்.

செம்பவாங் என்றால் நம் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஜொகூர் நீரிணைக்கு எதிர்க்கரை. ஒரு காலத்தில் அங்கேயும் ரப்பர் காடுதான். புக்கிட் செம்பவாங் என்ற ரப்பர் கம்பெனியின் பெயர், இன்றைக்கு வீடு கட்டி விற்கிற கம்பெனியின் பெயராக நிற்கிறது. 1938-இல் திறந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் தமிழரும் மலையாளிகளும் ஏராளமாக வேலை செய்தார்கள். அவர்கள் கும்பிட்ட பாலசுப்பிரமணியர் கோயில் இப்போது பக்கத்து ஈசூனில் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுத்து வெறுங்காலோடு நடப்பவர்களை அங்கே இன்றும் பார்க்கலாம்.

அந்த ஊர்ப்பக்கம் சென்றிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரைப் பூங்காவுக்குப் போனேன். இன்னும் வெளிச்சம் வரவில்லை. அதற்குள் கூட்டம் கூட்டமாக ஓடுகிறார்கள். சீனப் பெரியவர்கள், மலாய்க் குடும்பங்கள், விடுதியில் தங்கியிருக்கிற தமிழ்நாட்டுத் தொழிலாளிகள். நான் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தேன். நல்ல வேகத்தில் போன ஒருவர் தேய்ந்துபோன பழைய சப்பாத்துப் போட்டிருந்தார். பளபளக்கும் புதுச் சப்பாத்துக்காரர் ஒருவர் நொண்டிக்கொண்டு நடந்தார். இது ஒன்றையும் நிரூபித்துவிடாது. ஆனாலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

சிங்கப்பூரின் பெயர்பெற்ற நெடுந்தூர ஓட்டக்காரர்களில் இரண்டு பேர் நம்மவர்கள். க. ஜெயமணி என்ற பெண் 1977-இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் 1,500 மீட்டர், 3,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். 1983-இல் சிங்கப்பூரில் நடந்த போட்டியில் மாரத்தான் தங்கமும் அவருக்குத்தான். முருகையா ரமேஷன் ஆசிரியர் வேலை பார்த்துக்கொண்டே ஓடியவர். 1995-இல் தாய்லாந்தின் சியாங்மாய் நகரில் 2 மணி 24 நிமிடம் 22 விநாடியில் மாரத்தானை முடித்தார். அந்தத் தேசியச் சாதனை 2019 வரைக்கும், 23 ஆண்டுகளுக்கு மேல், அசையாமல் நின்றது. இந்தப் பக்கம் நம் நாட்டில் கோ. சரவணன் 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நடைப் பந்தயத்தில் தங்கம் வாங்கினார். இவர்கள் காலத்தில் இன்றைக்கு விற்கிற எண்ணூறு வெள்ளிச் சப்பாத்து கிடையாது. இதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள்.

அப்படியானால் அந்த விலைக்கு என்னதான் தருகிறான்? சப்பாத்தின் நடுவே கனமில்லாத நுரை இருக்கிறது, அதற்குள்ளே கரிநாரால் செய்த ஒரு தகடு. காலை ஊன்றி எடுக்கும்போது அது வில் மாதிரி உதவுகிறது. 2017-க்குப் பிறகு இந்த வகை பரவி, ஓட்ட நேரங்களும் குறைந்தன. கடைசியில் உலகத் தடகளச் சங்கம் 2020-இல் தலையிட்டு, சாலை ஓட்டச் சப்பாத்தின் அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, ஒரு தகட்டுக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தது. ஆக, அதில் சரக்கு இருப்பது உண்மை. ஆனால் அது வேகத்துக்கான சரக்கு. முட்டியைக் காப்பாற்றும் என்பதற்காக அதை யாரும் வாங்க வேண்டாம். முதல் தடவை ஓடுகிற பையனுக்கு இரண்டு நிமிடம் முந்தி வந்து என்ன ஆகப்போகிறது? அந்த மென்நுரை சீக்கிரம் தளர்ந்துபோகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நமக்கு நன்றாகத் தெரிந்த சப்பாத்து ஒன்று இருக்கிறது. மரம் வெட்டப் போகும்போது போடுவோமே, கறுப்பு ரப்பரில் ஒரே வார்ப்பாக வார்த்தது, அடியில் குமிழ் குமிழாக இருக்கும். ஊரார் கேலியாக 'அடிடாஸ் கம்போங்' என்பார்கள். அந்தக் கம்பெனிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இப்போது காட்டுப்பாதையில் ஓடுகிறவர்கள் இதைத் தேடி வாங்குகிறார்கள். சேற்றில் வழுக்காது, தண்ணீர் புகுந்தால் வடிந்துவிடும், அலசிப் போட்டால் காய்ந்துவிடும், விலையும் இருபது வெள்ளியைத் தாண்டாது. நம்முடைய வெளிக்காட்டுச் சப்பாத்துக்கு வந்த மரியாதையைப் பாருங்கள்! ஆனால் தார்ச்சாலையில் 21 கிலோமீட்டர் ஓட இது ஆகாது. அடியில் மெத்தை கிடையாது. உள்ளே காற்றும் போகாது, வேர்வையில் கால் ஊறிவிடும். ஒவ்வொரு அடிக்கும் நம் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் விழுகிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஆயிரம் அடி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

"எத்தியோப்பியாக்காரர் வெறுங்காலில் ஓடி ஜெயித்தாரே" என்று பையன்கள் வாதாடுவார்கள். அபேபே பிக்கிலா 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்றது உண்மைதான். கிடைத்த சப்பாத்து காலுக்குச் சரியாகப் பொருந்தாததால்தான் அவர் அதைக் கழற்றிப் போட்டார். சின்ன வயதிலிருந்தே காய்த்துப்போன பாதம் அவருடையது. 1964-இல் டோக்கியோவில் அவரே சப்பாத்துப் போட்டு ஓடினார், மூன்று நிமிடம் முந்தியும் வந்தார். பொருந்தாத சப்பாத்தைவிட வெறுங்கால் மேல், பொருந்துகிற சப்பாத்து இரண்டையும்விட மேல். நம் தோட்டங்களில் வெறுங்காலால் வருகிற கேடு இன்னொன்றும் உண்டு. கொக்கிப்புழுவின் குஞ்சு ஈரமண்ணிலிருந்து உள்ளங்கால் தோலைத் துளைத்துத்தான் உடம்புக்குள் போகிறது. அந்தக் காலத்தில் எத்தனை பேர் இரத்தம் வற்றி வெளுத்துப் போனார்கள் என்று பாட்டிமார்களைக் கேளுங்கள்.

சப்பாத்து வாங்கப் போகிறவர் சாயங்காலமாகப் போகவேண்டும். பகலெல்லாம் நின்று நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஓடுவதற்கு என்று வைத்திருக்கும் காலுறையை எடுத்துப் போய், அதைப் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். நின்றால் பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கவேண்டும். குதிகால் உள்ளே ஏறி இறங்கக்கூடாது. கடைக்குள்ளேயே நாலு தடவை ஓடிப் பாருங்கள். கடைக்காரன் முறைத்தால் முறைக்கட்டும், காசு நம்முடையது. "போடப்போட இளகிவிடும்" என்பதை நம்பாதீர்கள். முதல் நாளே உறுத்துகிறதை வாங்கக்கூடாது. சென்ற வருஷத்து மாடலைப் பாதி விலைக்குத் தள்ளுவார்கள். நம்மவர்களுக்கு அதுவே தாராளம். பந்தயத்தன்று புதுச் சப்பாத்துப் போட்டுப் போகிறவன் கொப்புளத்தோடுதான் திரும்புவான், அதற்குமுன் சில வாரமாவது ஓடிப் பழக்கியிருக்கவேண்டும். ஒரு ஜோடி பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும். ஈரமானால் உள்ளே பழைய பேப்பரைத் திணித்து நிழலில் காயவையுங்கள். உச்சி வெயிலிலோ அடுப்புக்கு மேலோ வைத்தால் பசை விட்டுப்போகும்.

சப்பாத்தில் மிச்சம் பிடித்த காசில் இரண்டு ஜோடி நல்ல காலுறை வாங்கலாம். பள்ளிக்கூடத்துப் பருத்திக் காலுறை வேர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும். ஈரமும் உராய்வும் சேர்ந்தால் கொப்புளம். நைலான் மாதிரி செயற்கை நூல் கலந்தது சீக்கிரம் உலரும். தொடையிடுக்கு, அக்குள், மார்க்காம்பு எல்லாம் துணி உரசிப் புண்ணாகிற இடங்கள். அங்கே வாசலின் தடவிக்கொள்ளவேண்டும். வெட்கப்பட வேண்டியதில்லை, பெரிய ஓட்டக்காரர்களும் செய்கிறதுதான்.

இனி அந்தக் கறுத்த நகம். சப்பாத்து சிறிசாக இருந்தாலோ, நகம் நீளமாக இருந்தாலோ, ஒவ்வொரு அடிக்கும் நுனி போய் மோதி நகத்துக்கு அடியில் இரத்தம் கட்டிக்கொள்கிறது. பெரும்பாலும் பயப்பட வேண்டாம். நகம் வளர வளரக் கறுப்பு முன்னால் நகர்ந்து போகும், அல்லது நகமே விழுந்து புதிசு முளைக்கும். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைக் குடையாதீர்கள். விண்விண்ணென்று வலித்தாலோ சீழ் வைத்தாலோ டாக்டரிடம் போகவேண்டும். அடியே படாமல் நகத்தில் கறுப்புக் கோடு விழுந்தாலும் காட்டிவிட வேண்டும். கொப்புளம் சின்னதாக இருந்தால் உடைக்காமல் பிளாஸ்டர் போட்டு விடுங்கள். தானாக உடைந்தால் சோப்புப் போட்டுக் கழுவி மூடுங்கள். மேல்தோலைப் பிய்த்தெடுக்க வேண்டாம், அதுதான் இயற்கையான கட்டு.

செம்பவாங்கில் ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. 2020 ஜனவரியில் அந்த இடத்தைப் பூங்காவாகச் செப்பனிட்டுத் திறந்தார்கள். ஊற்றுத் தண்ணீர் ஏறக்குறைய 70 டிகிரிச் சூடு, ஜனங்கள் முட்டை வேகவைக்கிறார்கள். சூடு ஆறி வருகிற தொட்டியில் காலை நனைத்துக்கொண்டு உட்காருகிறார்கள், சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் உடைந்த கொப்புளத்தோடு அதில் காலை வைக்கக்கூடாது. நீரிழிவுக்காரர்கள் ரொம்ப எச்சரிக்கையாக இருக்கவேண்டும். பாதம் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாது, தோல் வெந்துபோன பிறகுதான் தெரியும்.

சப்பாத்தைப்பற்றி இவ்வளவு எழுதினேன். ஆனால் ஆளைச் சாய்ப்பது சப்பாத்தல்ல, வெக்கை. மரத்தை விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பது நமக்குத் தெரிந்த சங்கதி. ஓட்டக்காரனுக்கும் அதே கணக்குத்தான். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், வேர்வை உலராது, உலராத வேர்வை உடம்பைக் குளிர வைக்காது. ஓடுகிறவன் திடீரென்று உளறினாலோ, தள்ளாடினாலோ, கோபமாகக் கண்டபடி பேசினாலோ, உடம்பின் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம் என்று நினைக்கவேண்டும். அப்போது வேர்வை நின்றுதான் இருக்கவேண்டும் என்பதில்லை, கொட்டிக்கொண்டும் இருக்கும். ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு அது வரும்வரை சும்மா நிற்காதீர்கள். நிழலில் போட்டு, சட்டையைக் கழற்றி, குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்துங்கள். தொட்டி இல்லாவிட்டால் வாளி வாளியாக ஊற்றி விசிறுங்கள். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் ஏற்றிப் போவது. நினைவு தடுமாறியவன் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு தப்பெண்ணம் இருக்கிறது, எவ்வளவு குடித்தாலும் நல்லது என்று. 2002-இல் அமெரிக்காவில் பாஸ்டன் மாரத்தான் ஓடியவர்களில் 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்குப் 13 பேருக்கு இரத்தத்தில் உப்பு அளவுக்குமேல் குறைந்திருந்தது. வழியில் மிதமிஞ்சித் தண்ணீர் குடித்து எடை கூடியவர்கள்தான் அதில் அதிகம். தலைவலி, வாந்தி, மயக்கம், முற்றினால் வலிப்பு. தாகம் எடுத்தால் குடியுங்கள், அது போதும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிற பழக்கம் பையன்களிடம் இருக்கிறது. ஐபுப்ரோபன் போன்ற மாத்திரையும் வெக்கையும் நீர்வறட்சியும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குக் கேடு. காய்ச்சல் இருக்கிற அன்று ஓடவே கூடாது. ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ மயங்கி விழுந்தாலோ, இருபது வயசுதானே என்று விட்டுவிடாமல் இருதயத்தைப் பரிசோதிக்கவேண்டும்.

பெண்பிள்ளைகள் ஓட ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள், ஜெயமணியும் ஒரு வீட்டுப் பெண்பிள்ளைதான். சீக்கிரம் மூச்சு வாங்குகிறது, முகம் வெளுத்திருக்கிறது என்றால் இரத்தசோகை இருக்கிறதா என்று கிளினிக்கில் பார்த்துவிட்டுப் பிறகு ஓடட்டும்.

காட்டிலும் ஆற்றிலும் நடக்கிற பந்தயத்துக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். 2000-ஆம் ஆண்டு சபாவில் 'ஈகோ சேலஞ்ச்' என்ற பெரிய பந்தயம் நடந்தது. 304 பேர் கலந்துகொண்டார்கள். ஊர் திரும்பியதும் பலருக்குக் காய்ச்சல் கண்டது. விசாரித்த 189 பேரில் 80 பேருக்கு எலிக்காய்ச்சலின் அறிகுறிகள் இருந்தன. செகாமா ஆற்றில் இறங்கி நீந்தியவர்களுக்குத்தான் ஆபத்து அதிகமாக இருந்தது. எலி முதலான பிராணிகளின் மூத்திரம் கலந்த தண்ணீரும் சேறும் காலிலுள்ள கீறல், கொப்புளம் வழியாக உள்ளே போகிறது. வெளிக்காட்டில் வேலை செய்கிற நமக்கும் இதே ஆபத்து உண்டு. புண்ணை நன்றாக மூடிக்கொண்டு போங்கள், வந்தவுடன் சோப்புப் போட்டுக் குளியுங்கள். இரண்டு வாரத்துக்குள், சில சமயம் நாலு வாரம் வரைக்கும்கூடக் கழித்துக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், "சேத்துல, ஆத்துல ஓடினேன்" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டாக்டர் டெங்கியாக இருக்கும் என்று நினைத்துவிடக்கூடும். எலிக்காய்ச்சலுக்கு மருந்து இருக்கிறது, ஆனால் ஆரம்பத்திலேயே கொடுக்கவேண்டும்.