முதலில் மச்சு பிச்சு, பிறகு கூஸ்கோ

கேள்வி: பெரு நாட்டுக்குச் செல்லும் தம்பதியர், மச்சு பிச்சு இடிபாடுகளைக் காணுமுன் கூஸ்கோ மலைநகரில் தங்குவது அவசியமா?

பதில்: கூஸ்கோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்திலும், மச்சு பிச்சு அதைவிடத் தாழ்வாகச் சுமார் 2,430 மீட்டரிலும் அமைந்திருப்பதால், தலைவலி, குமட்டல், மூச்சிரைப்பு ஆகியவற்றைத் தரும் 'சொரோச்சே' எனப்படும் உயர்மலை நோய், இடிபாடுகளைவிட நகரத்திலேயே பயணிகளை மிகுதியாக வருத்துகிறது. ஆகவே, கூஸ்கோவில் விமானம் இறங்கியதும், சுமார் 2,800 மீட்டர் உயரத்திலுள்ள ஒல்லாந்தாய்தம்போ என்னும் சிற்றூருக்குச் சென்று தங்கி, அங்கிருந்து ரயிலில் சென்று மச்சு பிச்சு கண்டு, திரும்பும் வழியில் கூஸ்கோவில் தங்குவதே உடலுக்கு உகந்தது.

எனினும் கூஸ்கோவைப் பாராமல் திரும்புவது பேரிழப்பாகும். இன்காக்களின் சூரியக் கோயிலான கோரிகாஞ்சாவின்மீது ஸ்பானியர் எழுப்பிய சாந்தோ தொமிங்கோ மடாலயம் 1950ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் பெருஞ்சேதமுற்றபோதும், சாந்து பூசாமல், உள்நோக்கிச் சற்றே சாய்வாக, கத்தி முனையும் நுழையாதபடி கல்லோடு கல் இழைத்துப் பொருத்தப்பட்ட இன்காச் சுவர்கள் நிலைத்து நின்றன. 15ஆம் நூற்றாண்டில் பாச்சாகூதி என்னும் இன்கா மன்னனுக்காக எழுந்ததென அறிஞர் கருதும் மச்சு பிச்சுவின் கட்டடத் திறனை முழுமையாக உணர்த்துபவை இச்சுவர்களே. மச்சு பிச்சுவுக்கான நுழைவுச் சீட்டுகள் நேரம் குறித்து, அளவோடு வழங்கப்படுவதால், பயணத் தேதி உறுதியானவுடன் பதிவு செய்துகொள்வது நல்லது. நுழைவாயிலில் பாஸ்போர்ட்டையும் காட்ட வேண்டியிருக்கும்.