லைனரைக் காயப்படுத்தாத கத்தி: சுழல்வெட்டு யந்திரத்தை அமைக்கும் முறை

மலேசியாவின் கெடா மாநிலத்தில் அலோர்ஸ்டாரை அடுத்த மெர்கோங் தொழிற்பேட்டையில் ஒரு சிறு கொட்டகையை வாடகைக்கு எடுத்து, ஊறுகாய்ப் போத்தலுக்கும் மசாலைத்தூள் பொட்டலத்துக்கும் தேங்காயெண்ணெய்ப் புட்டிக்கும் ஸ்டிக்கர் அச்சிட்டுக் கொடுத்துப் பிழைக்கலாம் என்று எண்ணுகிறவர், அச்சு யந்திரத்தைப் பற்றி மாதக்கணக்காக விசாரிப்பார். அதன் வாலில் இருக்கும் வெட்டுப் பகுதியைப் பற்றி ஒரு பொழுதுகூட விசாரிக்கமாட்டார். வர்ணம் சற்று மங்கலாக விழுந்தால் வாடிக்கையாளர் முகம் சுளித்துவிட்டு வாங்கிக்கொள்ளவும் கூடும். வெட்டு பிசகினாலோ, சீட்டு பின்தாளைவிட்டுப் பெயராது. அல்லது ரோல் நடுவில் அறுந்து, போத்தலுக்குச் சீட்டு ஒட்டும் அவருடைய யந்திரமே நின்றுபோகும். ஆகவே அந்த வால் பகுதியை அமைக்கும் முறையை மட்டும் இங்கே கிரமமாக எடுத்துச் சொல்ல உத்தேசம்.

வெட்டும் கலையின் பூர்வ சரித்திரம் ஒரு விபத்தில் தொடங்குகிறது. 1879-இல் நியூயார்க்கில் ராபர்ட் கெய்ர் என்பவருடைய தொழிற்சாலையில் காகிதப்பைகள் அச்சாகிக்கொண்டிருந்தபோது, மடிப்புத் தடம் பதிக்க வேண்டிய உலோகப்பட்டி ஒன்று தன் நிலை பெயர்ந்து பைகளை அறுத்துவிட்டது. அந்த நஷ்டத்தைக் கண்டு தலையில் கைவைத்து உட்காராமல், ஒரே அழுத்தத்தில் வெட்டவும் மடிப்பிடவும் கூடும் என்ற யுக்தியை அவர் கிரகித்துக்கொண்டார். பிறகு 1935-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஸ்டாண்டன் ஏவரி, பசை பூசிய சீட்டைப் பின்தாளோடு சேர்த்து விற்கும் தொழிலைத் தொடங்கினார். அன்று முதல் வெட்டுகிறவனுக்கு ஒரு நூதனமான நிபந்தனை வந்து சேர்ந்தது: மேலே உள்ள தாள் முழுவதும் அறுபட வேண்டும், கீழே உள்ள தாளில் கீறல்கூட விழலாகாது.

இந்த நிபந்தனை எவ்வளவு கடினமானது என்பது அளவைச் சொன்னால் விளங்கும். சாதாரண ஸ்டிக்கர் ரோலில் அச்சுத்தாள் ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர், பசை 0.02, அதன் கீழே சிலிகோன் பூசிய லைனர் என்னும் பின்தாள் சுமார் 0.06. கத்தி முதல் இரண்டையும் கடந்து, மூன்றாவதின் சிலிகோன் படலத்தின்மேல் வந்து நின்றுவிட வேண்டும். கெடாவின் தோட்டங்களில் பால்மரம் சீவிய தலைமுறையைச் சேர்ந்தவர்களுக்கு இதை விரித்துரைக்க அவசியமில்லை. பட்டையிலே பால் இருக்கும் ஆழம் வரையில் உளி இறங்க வேண்டும், உள்ளே மரத்தைத் தொட்டுவிட்டால் காயம் ஆறி வரும் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும் என்பது அவர்கள் கைக்கே தெரியும். ஆனால் தோட்டத்தில் அந்த ஆழத்தை நிதானித்தது மனிதனுடைய மணிக்கட்டு. யந்திரத்தில் அதை நிதானிப்பது எது என்பதுதான் கேள்வி. புதிதாக வருகிறவர்கள் அழுத்தத் திருகுதான் என்று நினைக்கிறார்கள். அது பிழை. ஆழத்தை நிர்ணயிப்பது இடைவெளி. திருகு அந்த இடைவெளியைக் காத்து நிற்கும் காவற்காரன் மாத்திரமே.

யந்திரத்தின் அமைப்பைப் பார்த்தால் இதன் உண்மை புலப்படும். மேலே ஒரு காந்த உருளை. அதன்மேல் மெல்லிய உருக்குத் தகட்டில் கத்திமுனைகள் எழும்பிய டை ஒட்டிக்கொண்டிருக்கும். கீழே அன்வில் என்று வழங்கும் கெட்டியான, வழுவழுப்பான உருளை. காந்த உருளையின் இரு ஓரங்களிலும் பேரர் என்னும் வளையங்கள் உடம்பைவிடச் சற்று உயர்ந்து நிற்கும். அவை அன்வில்மேல் உட்கார்ந்து உருளும்போது நடுவிலே மாறாத ஓர் இடைவெளி உண்டாகிறது. பெரும்பான்மையான உருளைகளில் அது 0.480 மில்லிமீட்டர். இந்த இடைவெளியிலிருந்து லைனரின் பருமனைக் கழித்தால் வருவதே கத்தி உயரத்துக்கு ஆதாரக் கணக்கு. பேரர்கள் அன்வில்மேல் உறுதியாக அமர்ந்த பிறகும் திருகை மேலும் முறுக்குகிறவர் கத்தியை ஆழப்படுத்தவில்லை. உருளையை வளைக்கிறார், பேரிங்கை நசுக்குகிறார், டையின் ஆயுளைக் குறைக்கிறார்.

முதற்காரியம் டைக்குக் கணக்குப் போடுவது. குறுகிய அகல அச்சு யந்திரங்களில் மிகவும் பரவியிருக்கும் பல்சக்கர அளவுப்படி ஒவ்வொரு பல்லும் எட்டில் ஒரு அங்குலம், அதாவது 3.175 மில்லிமீட்டர். எண்பது பல் உருளையின் சுற்றளவு 254 மில்லிமீட்டர் ஆகிறது. 60 மில்லிமீட்டர் உயரச் சீட்டுக்கு 3.5 இடைவெளி விட்டால் சுற்றுக்கு நான்கு சீட்டு மிச்சமின்றி அமையும். குறுக்கே 70 மில்லிமீட்டர் அகலத்தில் மூன்று சீட்டு, நடுவில் மும்மூன்று மில்லிமீட்டர், ஓரங்களில் சிறிது கழிவு என்று கணக்கிட்டால் 230 மில்லிமீட்டர் ரோல் போதுமானது. சீட்டின் மூலைகளைக் கூர்மையாக விடாமல் சற்று வளைத்துக் கேளுங்கள். சீட்டுகளைச் சுற்றி மிஞ்சுவதால் உரித்தெடுக்க வேண்டிய கழிவுத்தாள் கூர்மூலையில்தான் கிழியத் தொடங்கும். டை செய்பவருக்கு அளவை மட்டும் எழுதி அனுப்புவது போதாது. நீங்கள் ஓட்டப்போகும் ரோலிலேயே ஒரு முழம் அறுத்து அனுப்ப வேண்டும். உருளையின் இடைவெளியையும் குறிக்க வேண்டும். காகிதத்துக்கு அகன்ற கோணமுள்ள கத்தியும், பிளாஸ்டிக் படலத்துக்குக் கூரிய கோணமும் தேவைப்படுவதால், ஒன்றுக்குச் செய்த டையை மற்றதற்குப் பிரயோகித்துவிட்டு டை செய்தவரை நிந்திப்பது நியாயமல்ல.

டை வந்து சேர்வதற்குள் இடத்தைச் சீர்படுத்திவிடலாம். அச்சு யந்திரம் வைப்பதற்கே 1984-ஆம் ஆண்டின் அச்சக, வெளியீட்டுச் சட்டப்படி உள்துறை அமைச்சின் உரிமம் வேண்டும். ஸ்டிக்கர்தானே என்று அலட்சியம் செய்யாமல் அதை முன்கூட்டியே விசாரித்து முடிப்பது விவேகம். அடுத்தது ஈரம். வட கெடாவில் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் வறண்டும், மற்ற மாதங்கள் பெரும்பாலும் புழுங்கியும் இருப்பதால், காகிதம் ஒரு பருவத்தில் ஒரு விதமாகச் சுருளும். ரோலைக் கிடங்கிலிருந்து எடுத்த உடனே ஏற்றாமல், உறையைப் பிரிக்காமலே ஓர் இரவு யந்திரத்தின் அறையில் வைத்து, அறையின் சூட்டுக்கு அது வந்த பிறகு பிரியுங்கள். குளிர்சாதனம் இருந்தால் அதை மனிதர்களுக்காக அல்லாமல் காகிதத்துக்காக ஓடவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்; பகலில் போட்டு இரவில் நிறுத்துவதைவிட ஒரே நிலையில் விடுவது மேல்.

இனி டையை ஏற்றும் முறை. முதலில் மின்சாரத்தைத் துண்டியுங்கள். தடித்த தோல் கையுறை அணிந்துகொள்ளுங்கள்; இந்தத் தகட்டின் கத்தி பார்ப்பதற்குக் கோடு போலத் தோன்றினாலும் விரலைத் தாட்சண்யமின்றி அறுத்துவிடும். காந்த உருளையையும் அன்வில்லையும் பேரர் வளையங்களையும், நூல் உதிராத துணியில் ஆல்கஹால் நனைத்துத் துடைக்க வேண்டும். இரும்புக் கருவியால் சுரண்டுதல் கூடவே கூடாது. டையின் முதுகையும் அப்படியே துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இதில் அவசரப்படுவது மற்றெல்லா இடத்திலும் அவசரப்படுவதைவிடக் கேடானது. தகட்டுக்கும் உருளைக்கும் நடுவே 0.02 மில்லிமீட்டர் பசைத்துணுக்கு ஒன்று தங்கினாலும், அந்த இடத்தில் கத்தி அந்த அளவு உயர்ந்து லைனரைக் கீறிவிடும் அல்லவா? பிறகு தகட்டின் முன்விளிம்பை உருளையில் பொறித்த கோட்டோடு நேராக வைத்து, கோணல் இல்லை என்பதை இரு முறை நிச்சயித்துக்கொண்டு, உருளையைக் கையால் மெல்லச் சுழற்றியபடி தகட்டைப் படியவிடுங்கள். காந்தம் தானே இழுத்துக்கொள்ளும். கோணலாக ஒட்டிவிட்டால் பக்கவாட்டில் தள்ள முயலாமல், பித்தளை அல்லது பிளாஸ்டிக் கருவியால் ஓரத்தைத் தூக்கி முழுவதும் கழற்றி மறுபடி ஒட்டுவதே சரி; மடங்கிய தகடு பிறகு நேராவதில்லை.

உருளையை யந்திரத்தில் இறக்கியதும் பேரர்களுக்கு எண்ணெய் ஊட்டும் கம்பளித்துண்டில் சில துளி எண்ணெய் விடுங்கள், ஒழுகும்படி விடவேண்டாம். இரு புறமும் திருகுகளை, அழுத்தச் சக்கரங்கள் பேரரைத் தொடும் வரையில் விரலால் மட்டும் இறக்க வேண்டும். அழுத்தமானி இருந்தால் இரு பக்கமும் ஒரே எண் காட்டுகிறதா என்று பாருங்கள். இல்லையெனில் பேரருக்கும் அன்வில்லுக்கும் இடையே மெல்லிய தாள்துண்டை வைத்து இழுத்து, இரு பக்கமும் ஒரே பிடிப்பு இருக்கிறதா என்று சோதிக்கலாம். பிறகு ரோலைக் கோத்து, உருளையைக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். தாளில் கத்தியின் தடம் மட்டும் விழும்; அறுபடாது. இரு திருகையும் சமமாகச் சிறிது சிறிதாக இறக்கி, ஒவ்வொரு தடவையும் ஒரு சுற்று ஓட்டி, சீட்டை உரித்துப் பார்த்துக்கொண்டே வந்தால், ஓர் இடத்தில் எல்லாச் சீட்டும் நார் இழுக்காமல் பெயரத் தொடங்கும். அங்கேயே கையை எடுத்துவிட வேண்டும்.

சீட்டு சுலபமாகப் பெயர்வது பாதிப் பரீட்சைதான். மறுபாதி லைனரைப் பற்றியது, அதற்கு மைச்சோதனை என்ற அருமையான உபாயம் இருக்கிறது. ஒரு முழுச் சுற்று நீளத்துக்குச் சீட்டுகளை உரித்து எடுத்துவிட்டு, லைனரின் வழுவழுப்பான பக்கத்தில், சிலிகோனில் பற்றாத சாயக்கரைசலை மெல்லப் பூசி, சில நொடி பொறுத்துத் துடைத்துவிடுங்கள். சிலிகோன் படலம் சிதையாத இடத்தில் சாயம் துடைபட்டுப் போகும். கத்தி அதைப் பிளந்திருந்தால் சாயம் காகித நாருக்குள் இறங்கிக் கோடாக நிற்கும். லைனரைத் திருப்பிப் பார்த்துப் பின்பக்கம் கறை தெரிந்தால் வெட்டு அபாயகரமான ஆழத்தில் இருக்கிறது. இலேசான, எங்கும் ஒரே சீரான தடத்தைப் பொறுக்கலாம். ஒரு பக்கம் மட்டும் கருத்த கோடு நின்றால் திருகு சமமில்லை. ஒரே ஒரு புள்ளியில் மட்டும் நின்றால் அது திருகின் குற்றமன்று, தகட்டின் அடியில் தூசு இருக்கிறது, கழற்றித் துடைக்க வேண்டும். எதிரிடையாக ஒரு புள்ளி மட்டும் அறுபடாமல் இருந்தால், அந்த ஒன்றுக்காக முழு உருளையையும் அழுத்துவதே இந்தத் தொழிலில் நான் காணும் மிகப் பொதுவான துர்ப்பழக்கம். அந்த இடத்தில் கத்தி மழுங்கியிருக்கும், அல்லது அன்வில்லில் பள்ளம் விழுந்திருக்கும். தகட்டுக்கு அடியில் ஒட்டுநாடா வைத்து உயர்த்துகிறவர்களும் உண்டு. அவர்களுடைய சாமர்த்தியத்தை அன்றைய வேலை மெச்சிக்கொள்ளும், மறுநாள் டை மெச்சாது.

ஆழம் சரியான பிறகே வெட்டு அச்சோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். மலேசியாவில் 1985-ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகள் உள்நாட்டுத் தயாரிப்பின் சீட்டில் மலாய் மொழியில் பல விவரங்களைக் கட்டாயமாக்குவதால், சிறு புட்டியின் சீட்டில்கூட எழுத்து ஓரம் வரையில் நெருங்கிவிடுகிறது. வெட்டு சற்றே நகர்ந்தால் எடையின் கடைசி எண்ணே போய்விடும். பின்னணி வர்ணத்தை வெட்டுக்கோட்டுக்கு வெளியே ஒன்றரை மில்லிமீட்டர் நீட்டியும், எழுத்தை உள்ளே அதே அளவு தள்ளியும் அமைக்கச் சொல்லுங்கள். மெதுவாக ஓட்டும்போது பொருந்திய வெட்டு வேகமேறியதும் விலகினால், டையைக் குறைசொல்லுமுன் ரோலின் இழுவிசையைச் சரிபாருங்கள்.

கழிவு உரிப்பது பொறுமையைச் சோதிக்கும் கட்டம். வெட்டிய உடனே உரிக்க வேண்டும். தாமதித்தால் பசை வெட்டுவாயில் மீண்டும் கூடிச் சீட்டையும் கழிவையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும், நம் ஊர் உஷ்ணத்தில் இது இன்னும் விரைவாக நிகழும். முதலில் கையால் உரித்துக் கழிவுத் தண்டில் சுற்றி, மிகவும் குறைந்த வேகத்தில் தொடங்கி, இழுவையைக் கிழியாத அளவுக்கு மட்டும் வைத்து, வேகத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள். சீட்டும் கழிவோடு எழும்பி வந்தால் உரிக்கும் கோணத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். ஓடுகிற உருளையில் ஒட்டிய பசையைத் துடைக்கக் கையை நீட்டுகிறவர்களைக் கண்டால் யந்திரத்தை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். காப்புத்தடுப்பைக் கழற்றிவைத்து ஓட்டும் அச்சகத்தில் வேலைக்குச் சேராமலிருப்பது நல்லது.

நீளவாக்கில் ரோலைப் பிரிக்கும் வட்டக்கத்திகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கத்தரிக்கோல் முறையில் மேலும் கீழுமாக இயங்கும் கத்திகள் ஒன்றோடொன்று ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகப் படிந்தால் போதும். அதிகம் படிந்தால் தூசும் சூடும்தான் மிஞ்சும்.

வேலை முடிந்ததும் இரு பக்கத்துத் திருகையும் சமமாகத் தளர்த்தி, உருளையைத் தூக்கி, டையைக் கழற்றித் துடைத்து, துரு ஏறாதபடி எண்ணெய்த் துணியால் இலேசாகத் தடவி, அது வந்த உறையிலேயே தட்டையாக வையுங்கள். மழைக்காலத்தில் சன்னலோரம் வேண்டாம். உறையின்மேல் பல் எண்ணிக்கை, ஓட்டிய தாள், லைனர், இரு பக்கத்து அழுத்த எண், ஓடிய மீட்டர் ஆகியவற்றை எழுதி, மைச்சோதனை செய்த லைனர்த் துண்டையும் உள்ளே மடித்துவைத்தால், அதே வாடிக்கையாளர் தீபாவளிக்கு முன் அவசரமாக மறுபடி வரும்போது, திருகை எங்கே நிறுத்துவது என்று தேடிக்கொண்டிருக்க நேராது.